சேகரிப்பாளரின் உரோமாபுரி

கி.மு. 146 இல் உரோமப் படைகள் கொரிந்து நகரை அழித்தன. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் யூலியஸ் சீசரின் ஆணைப்படி அங்கே குடியேற்றப்பட்ட மக்கள், இடிபாடுகளை அகற்றும்பொழுது பழைய கல்லறைகளையும் கிளறினர். உள்ளே வெண்கலப் பாத்திரங்களும் புடைப்புருவங்கள் கொண்ட மண்பொருள்களும் இருந்தன. இவற்றுக்கு உரோமாபுரியிலே நல்ல விலை உண்டென்பது தெரிந்ததும், கிளறப்படாத கல்லறை ஒன்றேனும் அந்நகரில் எஞ்சவில்லை என்று புவியியலறிஞர் ஸ்ட்ராபோ எழுதிவைத்துள்ளார். அச்சரக்குக்கு ஒரு பெயரும் வழங்கிற்று: நெக்ரொகொரிந்தியா, அதாவது கொரிந்தின் பிணப்பொருள்கள். பெயரிலே ஒளிவுமறைவு இருக்கவில்லை. வாங்கியவர்கள் எதனை வாங்குகிறார்கள் என்பதை அறிந்தே வாங்கினார்கள்.

ஈராயிரம் ஆண்டுகளின் பின்னர் கிளறப்படுபவை உரோமரின் கல்லறைகள். வாங்குவோர் இலண்டனிலும் மியூனிக்கிலும் நியூயோர்க்கிலும் இருக்கின்றனர். பளிங்குச் சிலைகளை வாங்கவல்லவர் சிலரே. ஆனால் சந்தையிலே எண்ணிக்கையால் மிகுந்தவை சிறுபொருள்கள்: களிமண் அகல்விளக்கு, ஆடையைத் தோளிலே பிணைக்கும் வெண்கல ஊக்கு, இலச்சினை மோதிரம், காதணி, கண்ணாடி மணி, பூட்டுச் சாவி, எலும்பிலே செய்த சூதாட்டக் காய், மயிர்பிடுங்கி, காதுக்குறும்பி எடுக்கும் கரண்டி, தக்களிக் குண்டு. மாத வேதனத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டு ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ வாங்கக்கூடிய பொருள்கள் இவை. ஆகவே, செல்வந்தரின் ஆடம்பரம் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. மேனாடுகளின் நடுத்தர வர்க்கத்தினரிடையே பரவிய பழக்கம் இது. அப்பழக்கத்துக்கேற்ற தத்துவமும் உண்டு. பேரரசர்களின் பெருமை தமக்கு வேண்டியதில்லை, விளக்கேற்றிய பெண்ணின் கையும் ஊக்கு அணிந்த போர்வீரனின் தோளுமே தமக்கு வேண்டும் என்று சேகரிப்பாளர் கூறுகின்றனர். சாதாரண மக்களின் வரலாற்றை எழுதவேண்டுமெனக் கோருகின்ற மாணவருக்கும் இக்கூற்று இனிமையாகவே ஒலிக்கும்.

ஒலிப்பது இனிமையாயினும் உண்மை வேறு. அன்றாட வாழ்வின் பெயரால் நிகழும் இச்சேகரிப்பு, அன்றாட வாழ்வு பற்றிய சான்றுகளையே அழித்துக்கொண்டிருக்கிறது. அழிவுக்குக் கூலி கொடுப்பவர் மண்வெட்டி பிடித்தவரல்லர், வாங்குபவரே. அவர் கொடுக்கும் விலைக்கு முத்திரை குத்துவோருள் பல்கலைக்கழக அறிஞரும் அடங்குவர்.

ஏலப் பட்டியல்களிலே மோதிரம் ஒன்று எவ்வாறு அறிமுகமாகிறது என்பதை நோக்குக. பொன், செதுக்கிய மணிக்கல், உரோமம், முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டு, பழைய ஐரோப்பியச் சேகரிப்பு ஒன்றிலிருந்து. இவ்வளவுதான். அணிந்தவர் ஆணா பெண்ணா, அடிமையா எசமானா, கிடைத்தது கல்லறையிலா கழிவுக்குழியிலா என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதற்கு எதிரே ஹேர்குலேனியத்தை வைத்து நோக்கலாம். கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபொழுது அந்நகர மக்களிற் பலர் கடற்கரையிலிருந்த வளைகூரைக் கொட்டகைகளுக்கு ஓடினர். 1980 முதல் அங்கு நிகழ்ந்த அகழ்வுகளில் ஏறத்தாழ 300 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. 1982 இல் வெளிப்பட்ட பெண்ணொருத்தியின் விரலெலும்புகளிலே இரண்டு பொன் மோதிரங்கள் அவ்வாறே இருந்தன. இடுப்பருகே பாம்புத்தலை வளையல்கள் கிடந்தன. எலும்பையும் பல்லையும் ஆராய்ந்தோர் அவள் ஏறத்தாழ 45 வயதினள் என்றும், நல்லுணவு பெற்றவள் என்றும், ஈறு நோயால் வருந்தியவள் என்றும் கூறினர். அதே கரையில் கிடந்த வேறு எலும்புகள், இளமையிலேயே பாரஞ்சுமந்து தேய்ந்தவை. மோதிரத்தையும் விரலையும் பிரித்திருந்தால், கிடைத்திருப்பவை தங்கமும் எலும்புந்தான். பிரியாதிருந்தமையாலேயே ஒரு நகரத்தின் உழைப்பும் உணவும் செல்வமும் யாரிடம் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தன என்ற வினாவை எழுப்ப முடிந்தது.

ஒப்லொன்டிஸ் என்னும் இடத்திலே, 1980களில் அகழப்பட்ட வணிகக் கட்டடமொன்றின் கதை இதனினும் கூர்மையானது. அங்கே ஓர் அறையில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் தஞ்சம் புகுந்து மாண்டனர். ஒரு பகுதியினரிடம் நகைகளும் காசுகளும் காணப்பட்டன. மற்றப் பகுதியினரிடம் ஒன்றுமே இல்லை. அழிவு நேரத்திலும் உள்ளவரும் இல்லாதவரும் பிரிந்தே நின்றார்களோ என்று கேட்கவைக்கும் சான்று அது. நகைகளை மட்டும் பொறுக்கியெடுத்து விற்கும் கள்வனும் அவற்றை வாங்குபவனும் இல்லாதவர்களை இரண்டாவது தடவையாக இல்லாமற் செய்கின்றனர். ஒன்றுமில்லாதவனின் எலும்புக்கருகே ஒன்றும் இல்லை என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தி. அதற்கு ஏலத்தில் இலக்கம் கிடையாது.

பொம்பெயிக்குத் தெற்கே மொரெஜினே என்னுமிடத்தில் 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 வயதுப் பெண்ணொருத்தியின் கையிலே பாம்பு வடிவப் பொன் வளையல் ஒன்று காணப்பட்டது. எசமான் தன் அடிமைப் பெண்ணுக்கு அளித்தது எனும் பொருள்படும் இலத்தீன் சொற்கள் அதன் உட்புறத்தே பொறிக்கப்பட்டிருந்தன. காதற் பரிசு என்பார் சிலர். உடைமை தன் உடைமைக்கு இட்ட குறி என்பார் வேறு சிலர். இவ்விவாதம் நிகழ்வதற்கே காரணம் வளையல் ஒரு கையிலே, ஓர் இடத்திலே, அருகில் வேறு மனிதருடன் காணப்பட்டமையாகும். தனித்து விற்பனைக்கு வந்திருப்பின் அது காதல் வளையலாகவே விற்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. காதலுக்கு விலை அதிகம். உரோமாபுரியின் நூதனசாலையிலே கழுத்து வளையம் இன்னொன்றும் உண்டு. ஓடிவிட்ட தன்னைப் பிடித்து எசமான் சொனினுசிடம் ஒப்படைப்பவருக்கு ஒரு பொற்காசு கிடைக்கும் என்று அவ்வளையத்தில் தொங்கும் தகடு கூறுகிறது. அதுவும் உரோமர் கழுத்திலே அணிந்ததுதான். அணிகலன் சேகரிப்போர் அதனை எந்த வகையிலே சேர்ப்பரோ!

சேகரிப்பாளரின் கண்ணுக்குப் படுவன மிகச் சில. உலோகத்தை உணர்த்தும் கருவி மரத்துக்கு ஒலிப்பதில்லை. பிரித்தானியாவின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்கு அருகேயுள்ள விந்தொலாந்தா கோட்டையில் 1973 இல் ஈரமண்ணிலிருந்து எடுக்கப்பட்ட மெல்லிய மரச்சீவல்கள் முதற்பார்வையில் தச்சன் கழித்த குப்பை போலவே தோன்றின. ஒட்டியிருந்தவற்றைப் பிரித்தபொழுது உள்ளே மை எழுத்துத் தெரிந்தது. பின்னர் அங்கு கிடைத்த நூற்றுக்கணக்கான ஏடுகளில் படையினரின் கணக்கு, விடுமுறை விண்ணப்பம், ஆடை அனுப்பிய செய்தி என்பவற்றோடு, கி.பி. 100 அளவிலே பெண்ணொருத்தி தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைத்தெழுதிய மடலும் உண்டு. மடலின் இறுதியில் அவள் தன் கையாலேயே சில வரிகள் சேர்த்துள்ளாள். உரோம உலகின் அன்றாட வாழ்வு என்று எதனையேனும் சுட்டவேண்டுமாயின் இம்மடலைச் சுட்டலாம். ஊக்கையும் நாணயத்தையும் தேடி இரவிலே மண்கிளறுபவன் அச்சீவல்களை என்ன செய்திருப்பான்? மண்ணோடு மண்ணாக எறிந்திருப்பான். ஒவ்வொரு வெண்கல ஊக்கின் விலையிலும் இவ்வாறு எறியப்பட்டவற்றின் விலையும் மறைந்து நிற்கிறது.

ஸ்கொத்லாந்திலுள்ள இன்ச்துதில் கோட்டையின் ஆணிகள் பற்றியும் ஈண்டுக் கூறவேண்டும். 1960களின் தொடக்கத்தில் அங்கு ஒரே குழியிலிருந்து ஏறத்தாழ 8,75,000 இரும்பாணிகள் வெளிப்பட்டன. கி.பி. 86, 87 அளவிலே படையணி கோட்டையைக் கைவிட்டுச் செல்லும்பொழுது, இரும்பு எதிரிகளின் கைக்கு எட்டாதவாறு அவற்றைப் புதைத்துவிட்டுச் சென்றது என்பது அறிஞர் முடிபு. பேரரசு ஒன்று பின்வாங்கியதன் சான்று அவ்வாணிக் குவியல். அவற்றை ஆராய்ந்து பதிவுசெய்த பின்னர், ஒரு பகுதியை நூதனசாலைகளுக்கு வழங்கி, ஒரு பகுதியை மக்களுக்கு நினைவுப்பொருளாக விற்று, பெரும்பகுதியை உருக்கிவிட்டனர். இதனைக் குறைகூறுவோரும் உளர். ஆயினும் பெரிய குறையாக இதனைக் கொள்ளவேண்டியதில்லை. குழியின் கதை எழுதப்பட்ட பின்னரே ஆணிகள் பிரிந்தன. ஒருவர் மேசையிலே ஓர் உரோம ஆணி இருப்பது குற்றமன்று. எந்தக் குழியிலிருந்து, யார் கண்டெடுத்து, எங்கு பதிந்தபின் அது மேசைக்கு வந்தது என்று கூற முடியாமையே குற்றம்.

இவ்வேறுபாட்டினை இரண்டு புதையல்கள் தெளிவாக்கும். 1980 அளவிலே இலண்டன் சந்தையில் உரோமரின் பிற்கால வெள்ளிப் பாத்திரங்கள் சில தலைகாட்டின. பெருந்தட்டொன்றிலே பொறிக்கப்பட்டிருந்த பெயர்கொண்டு அவை செவ்சோ புதையல் எனப்பட்டன. ஆங்கிலப் பிரபு ஒருவர் அவற்றை வாங்கிச் சேர்த்தார். லெபனானிலிருந்து ஏற்றுமதியானதாகக் காட்டிய பத்திரங்கள் போலியென வெளிப்பட்டன. 1990 இல் நியூயோர்க்கில் விற்க முயன்றபொழுது லெபனான், ஹங்கேரி, யூகோசிலாவியா ஆகிய நாடுகள் உரிமை கோரின. 1993 இல் அந்நகர நீதிமன்றம் அவற்றின் கோரிக்கைகளை ஏற்கவில்லை. ஈற்றில் ஹங்கேரி 2014 இல் ஏழு பாத்திரங்களை 150 இலட்சம் யூரோவுக்கும், 2017 இல் மீதி ஏழினை 280 இலட்சம் யூரோவுக்கும் பெற்றுக்கொண்டது. தன் மண்ணிலிருந்து தோண்டியதாகத் தான் கூறும் பொருளுக்குத் தானே பணங்கொடுத்தது அந்நாடு. தோண்டியவன் என ஹங்கேரி கருதும் இளைஞன் 1980 இல் மதுக்களஞ்சியமொன்றினுள் இறந்து கிடந்தான். தற்கொலை என்று முதலிற் கூறப்பட்டது. கொலை என்று பின்னைய விசாரணை கூறிற்று. பாத்திரங்கள் பளபளக்கின்றன. அவை புதைந்திருந்த குழி இதுதான் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1992 நவம்பரில், இங்கிலாந்தின் ஹொக்சன் என்னும் சிற்றூரில் ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒருவர், நண்பரின் தொலைந்த சுத்தியலைத் தேடிக் கருவியுடன் வயலுக்குச் சென்றார். வெள்ளிக் கரண்டியும் பொற்காசும் கண்ணில் பட்டன. அவர் முழுவதையும் தோண்டியெடுக்காது செய்தி அனுப்பினார். மறுநாளே தொல்லியலாளர் வந்து மண்ணோடு பெயர்த்தெடுத்தனர். ஏறத்தாழ 15,000 நாணயங்களும் 200 அளவிலான பொன் வெள்ளிப் பொருள்களும் இருந்தன. அவற்றோடு பெட்டியின் மரத்தடம், உள்ளேயிருந்த சிறுபெட்டிகளின் பூட்டுகள், பாத்திரங்களுக்கிடையே திணித்த வைக்கோலின் எச்சம் ஆகியனவும் கிடைத்தன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி சரியும் வேளையில் ஒரு குடும்பம் தன் செல்வத்தை எவ்வளவு ஒழுங்காக மடித்து அடுக்கிப் புதைத்தது என்பது இதனால் தெரியவந்தது. யூலியானா என்னும் சீமாட்டி இதனை மகிழ்வுடன் அணிக என்று வாழ்த்தும் பொன்வளையல் ஒன்றும் அதனுள் இருந்தது. செவ்சோவின் வெள்ளி, ஹொக்சனின் வெள்ளிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அறிவின் அளவிலோ இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. சுத்தியலும் இப்பொழுது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

செவ்சோவைப் போன்ற பேரங்கள் புதியனவல்ல. பொம்பெயிக்கு அண்மையில் பொஸ்கோரியாலேயில் 1895 இல் ஒரு திராட்சைமதுப் பண்ணையிலே கிடைத்த வெள்ளிப் பாத்திரங்கள் இத்தாலியிலிருந்து வெளியேறி, செல்வந்தர் றொத்சைல்டின் கொடையாகப் பாரிசின் லூவர் நூதனசாலையை அடைந்தன. 109 துண்டுகள் அங்கு வரிசையாக உள்ளன. மதுவைப் பிழிந்த அடிமைகளின் கருவிகளும் மிடாக்களும் எவருடைய கொடையாகவும் பாரிசுக்குப் போகவில்லை.

தோண்டுபவர் யார்? பல்கேரியாவின் வடமேற்கே தன்யூப் நதிக்கரையில் ரத்தியாரியா என்னும் உரோம நகரம் இருந்தது. பேரரசன் திராஜன் காலத்துக் குடியேற்ற நகரம் அது. பிற்காலத்தில் ஒரு மாகாணத்தின் தலைநகருமாயிற்று. 1989 இல் பழைய ஆட்சி வீழ்ந்தபின் அப்பகுதியில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக வறிய பிரதேசங்களுள் அது ஒன்று. வேலையிழந்தோர் மண்வெட்டியோடு பழைய நகரத்துக்குப் போனார்கள். பின்னர் மண்வாரி இயந்திரங்களும் போயின. நகரம் முழுவதும் குழிமயமாயிற்று. சிரியாவின் அப்பாமேயா நகரைப் பார்த்தவர்களும் அதையே கூறுவர். 2011 ஆம் ஆண்டுச் செய்மதிப் படத்திலே வயலாகத் தெரிந்த நிலம், போர் மூண்டபின் 2012 இல் எடுத்த படத்திலே அம்மைத் தழும்பு விழுந்த முகம்போலத் தெரிகிறது. ஒவ்வொரு தழும்பும் ஒரு குழி. பசியால் தோண்டிய கிராமத்தான் பெறுவது சில நாட் கூலி. எல்லை கடத்துபவனும் பத்திரம் பண்ணுபவனும் கடைக்காரனும் கைமாற்றுந்தோறும் விலை பன்மடங்காகிறது. 1995 இல் ஜெனீவாவின் சுங்கவரியற்ற களஞ்சியமொன்றைப் பொலிசார் திறந்தபொழுது, மண் அப்பியபடி உடைந்து கிடந்த பொருள்களின் நிழற்படங்கள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டன. அவ்வாறு படமெடுக்கப்பட்டவற்றுட் பல, பின்னர் புகழ்பெற்ற நூதனசாலைகளிலே கண்ணாடிக்குள் நின்றன. களஞ்சியத்துக்குரிய இத்தாலிய வணிகருக்கு 2004 இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வாங்கியவர்களில் எத்தனை பேர் சிறைசென்றனர் என்று கேட்பது வீண்.

சேகரிப்பாளரின் மறுமொழிகள் பல. அவற்றுட் சில வலியவையே. நூதனசாலைகளின் நிலவறைகளிலே ஆயிரக்கணக்கான விளக்குகள் தூசு படிந்து கிடக்கின்றன, தாமோ ஒவ்வொன்றையும் துடைத்துப் பேணுகின்றனர் என்பது ஒன்று. தூசு படிந்த விளக்குக்கும் ஒரு பதிவேட்டு இலக்கம் இருக்குமாயின், நூறு ஆண்டுகள் கழித்தும் ஓர் ஆய்வாளர் அதனை எடுத்துப் பேசவைக்கலாம். துடைத்து மினுக்கிய விளக்கு ஊமை. அதுமட்டுமன்று, அது உண்மை விளக்குத்தானா என்பதும் ஐயமே. இடம் தெரியாத பொருளோடு போலியும் சேர்ந்தே வரும். 1861 இல் பிரெஞ்சு அரசு வாங்கிய கம்பானா நகைத் தொகுதியை எடுத்துக்கொள்ளலாம். உரோமாபுரியின் கஸ்தெல்லானி பொற்கொல்லர் பட்டறையிலே செப்பனிடப்பட்ட அந்நகைகளிற் பல, பல்வேறு காலத் துண்டுகளை ஒட்டியும் புதியவற்றைச் சேர்த்தும் முழுமையாக்கப்பட்டவை என்று பிற்காலத்தார் கண்டறிந்தனர். கைதேர்ந்த கொல்லர் ஒட்டிய ஒட்டு எது, பழையது எது என்று பிரிக்க அறிஞர் பல தலைமுறை உழைக்க வேண்டியதாயிற்று.

சேகரிப்பாளர் இல்லையேல் நூதனசாலைகளே இல்லை என்பது இன்னொரு மறுமொழி. நேப்பிள்சில் தூதராயிருந்த வில்லியம் ஹமில்டனின் தொகுதி 1772 இல் பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்றமை முதலான சான்றுகள் காட்டப்படுகின்றன. உண்மைதான். அடிமை வணிகத்தின் இலாபத்திலே கட்டப்பட்ட நூலகங்களும் உள. அதற்காக அவ்வணிகத்தை மீண்டும் தொடங்குமாறு ஒருவரும் கேட்பதில்லை. இரசனையும் கொள்ளையும் ஒருவரிடமே குடியிருக்கக் கூடும் என்பதை உரோமரே அறிந்திருந்தனர். கி.மு. 70 இல் சிசிலியின் முன்னாள் ஆளுநன் வெர்ரெஸ் மீது சிசெரோ சுமத்திய குற்றங்களுள் ஒன்று மோதிரம் பற்றியது. கடிதமொன்றிலே பதிந்திருந்த இலச்சினையின் அழகு வெர்ரெசைக் கவர்ந்தது. எங்கிருந்து வந்தது என விசாரித்து, ஆளனுப்பி, மோதிரத்தை உரியவரின் விரலிலிருந்து கழற்றி எடுப்பித்தான். வெர்ரெசின் இரசனையிற் குறை காண முடியாது. இற்றைச் சேகரிப்பாளரிடத்து ஒரு நயம் கூடுதலாக உள்ளது. விரலை அவர் பார்ப்பதேயில்லை.

சட்டம் அனுமதிக்கிறது என்பது மூன்றாவது மறுமொழி. கலாசாரச் சொத்துக்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 இல் உருவாயிற்று. பெருஞ்சந்தைகளைக் கொண்ட பிரித்தானியா 2002 வரையும் சுவிற்சர்லாந்து 2003 வரையும் அதனை ஏற்காதிருந்தன. சட்டம் உறங்கிய முப்பது ஆண்டுகளைச் சந்தை வீணாக்கவில்லை. இஸ்ரேலின் 1978 ஆம் ஆண்டுச் சட்டமோ, அதற்கு முன் சேர்ந்த பொருள்களை உரிமம் பெற்ற கடைகளில் விற்க இடமளிக்கிறது. உரோம விளக்கொன்று விற்றுப்போனபின், அதன் பதிவிலக்கத்தை அன்று தோண்டிய வேறொரு விளக்குக்குச் சூட்டிவிடும் தந்திரத்தை ஆய்வாளர் வெளிப்படுத்தியுள்ளனர். பழைய விளக்கு விற்கிறது, இலக்கம் மட்டும் இறப்பதில்லை.

இங்கிலாந்தின் முறையை எடுத்துக்காட்டுவோருக்குச் சற்று நின்று பதிலிறுக்க வேண்டும். அங்கு 1997 முதல் வயல்களிற் கண்டெடுப்போர் தாமாகவே வந்து பதியும் திட்டமொன்று நடைபெறுகிறது. 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. உரோமக் குடியிருப்புகள் பற்றிய வரைபடமே இதனால் மாறியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதுவும் சேகரிப்புக்குச் சார்பான சான்றன்று. பதிவின் பயனையே அது மெய்ப்பிக்கிறது. உழுது கலைந்த மேல்மண்ணுக்கே அது பொருந்தும் என்பதையும் மறத்தலாகாது. சட்டத்தின் ஓட்டையிலே நழுவியவையும் உள. 2010 இல் குரொஸ்பி கரெற் என்ற ஊரருகே கண்டெடுக்கப்பட்ட உரோமக் குதிரைவீரனின் முகமூடித் தலைக்கவசம், தனித்த வெண்கலப் பொருள் என்ற காரணத்தால் புதையற் சட்டத்துள் அடங்கவில்லை. ஆய்வாளர் முற்றாக ஆராயுமுன்பே அது ஏலத்துக்காக ஒட்டிச் சீராக்கப்பட்டது. அவ்வாண்டே 22 இலட்சம் பவுணுக்கு மேல் கொடுத்துப் பெயர் கூறாத ஒருவர் அதனை எடுத்துக்கொண்டார். கார்லைல் நகர நூதனசாலை திரட்டிய பணம் போதவில்லை. சட்டத்தின் வரைவிலக்கணம் 2023 இல் விரிவாக்கப்பட்டது. கவசம் சென்ற பதின்மூன்று ஆண்டுகளின் பின்!

இவ்வளவும் மேனாட்டுப் பிரச்சினை என்று எண்ணுவோரும் இருக்கலாம். உரோம நாணயங்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைப்பன. 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியிலே வெளிப்பட்ட ஏறத்தாழ 500 பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றிலே பேரரசனின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு உண்டு. சேகரிப்பாளரின் அளவுகோலில் வெட்டுப்பட்ட காசு பழுதுபட்ட காசு. வரலாற்று மாணவருக்கோ அவ்வெட்டுத்தான் செய்தி. அந்நியன் முகத்துக்கு இங்கு அதிகாரம் இல்லை, பொன்னுக்கே மதிப்பு என்று யாரோ ஒருவர் உளியால் எழுதிய செய்தி அதுவாகலாம். காசுகள் ஒரே தொகுதியாக அறியப்பட்டமையாலேயே அவ்வெட்டு தற்செயலன்று என்பது புலனாயிற்று. ஒவ்வொன்றாகச் சிதறியிருந்தால் அது வெறுங்கீறல். கருவூரின் அமராவதி ஆற்றுமணலிலே அரித்தெடுத்து விற்கப்பட்ட நாணயங்களும் மோதிரங்களும் எந்த மண்ணடுக்குக்கும் உரியவையல்லவாய் நிற்கின்றன. இலங்கையிலே கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தேய்ந்த செப்புக்காசுகள். அவற்றைப் பின்பற்றி இங்கேயே செய்யப்பட்டவையும் அவற்றுட் கலந்துள்ளன. அழகற்ற இக்காசுகளுக்கு ஏலத்திலே மதிப்பில்லை. கடைத்தெருவிலே சில்லறையாக அவை புழங்கினவா, யாருடைய கப்பலில் வந்தன என்னும் வினாக்களுக்கோ அவை ஒவ்வொன்றும் கிடந்த இடமே விடை தரவல்லது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் நிலத்துள் கிடக்கும் தொல்பொருளை அரசின் உடைமையாக்குகிறது. சட்டம் இருந்தும் இடம் தெரியாது பெட்டிகளுட் கிடக்கும் காசுகள் எத்தனை என்பதை நாணய ஆய்வாளர் நன்கறிவர்.

எஞ்சுவது அறிஞரின் பங்கு. ஏல நிறுவனத்தாருக்கு மோதிரத்தின் கல்லிலே செதுக்கப்பட்டிருப்பது மினெர்வாவா போர்த்தூனாவா என்பது தெரியாது. பல்கலைக்கழகத்திலே தெரியும். இரண்டு வரியில் காலமும் இடமும் கூறும் ஒரு கடிதம் கிடைத்தவுடன் மோதிரத்தின் விலை ஏறுகிறது. ஆய்விதழொன்றிலே படத்துடன் வெளிவந்தால் மேலும் ஏறுகிறது. எழுதியவர் ஒரு சதமும் பெறாதிருக்கலாம். ஆயினும் சந்தையின் கணக்கிலே அவர் ஊதியமற்ற ஊழியர். எழுதாதுவிட்டால் அறிவுக்கு இழப்பன்றோ என்று அவர் கேட்பது நியாயமானதே. கல்வெட்டு, ஏடு போன்றவற்றில் அவ்வினா உண்மையிலேயே இடர்ப்பாடானது. ஒரே வகையான ஊக்குகளுள்ளே ஆயிரத்தோராவது ஊக்கைப் பற்றி அது எழும்போது ஏற்பதற்கில்லை. அமெரிக்கத் தொல்லியல் நிறுவகத்தின் ஆய்விதழ், வரலாறு தெரியாத பொருள்களை முதன்முதலாக அறிவிக்கும் கட்டுரைகளை 1970களின் பிற்பகுதியிலிருந்து ஏற்பதில்லை. அதனால் அவ்விதழ் வறுமையுற்றதாக எவரும் கூறியதில்லை.

பல பல்கலைக்கழகங்களின் பழங்கலைத் துறைகளிலே கற்பித்தலுக்கென உரோம விளக்குகளும் நாணயங்களும் கொண்ட சிறு அலுமாரிகள் உண்டு. அவை எப்பொழுது, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தன என்ற பதிவேட்டை வெளியிடுமாறு அத்துறைகளின் மாணவர் கேட்க வேண்டும். பதில் இல்லாத பொருளுக்கு முன்னால், பதில் இல்லை என்றே எழுதி ஒட்ட வேண்டும். 1970 க்குப் பின் வெளிவந்ததற்குப் பத்திரம் இல்லாத எப்பொருளுக்கும் துறையின் பெயரால் காலக் கணிப்போ சான்றோ வழங்குவதில்லை என்ற தீர்மானம் அடுத்த துறைக் கூட்டத்திலேயே நிறைவேற்றக்கூடியது. அதற்குப் பணம் வேண்டியதில்லை.